திடலில் பேசாப்படம்: டாம் மிக்ஸ் பற்றிப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

சிப்புட்_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பள்ளி விடுமுறைக்குத் திடலில் திரை கட்டிப் படம் போடுகிறோம். ஓர் இரவாவது பேசாப்படம் போட வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். பழைய அமெரிக்க கவ்பாய் பட நடிகர் டாம் மிக்ஸ் படம் என்று முடிவு, ஏனென்றால் குதிரை வந்தால் பிள்ளைகள் எழுந்து போகமாட்டார்கள். படத்துக்கு முன்னால் அவரைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும், அதற்குப் படிக்கப் போனால்தான் குழப்பம். ஓரிடத்தில் தென்னாப்பிரிக்கா போயர் போரில் சண்டை போட்டவர் என்கிறார்கள், இன்னோரிடத்தில் சீனாவில் பாக்ஸர் கிளர்ச்சியில் இருந்தவர், டெக்சாஸ் மாநிலக் காவல்படை ரேஞ்சர் என்கிறார்கள், வேறோரிடத்தில் ராணுவத்தை விட்டே ஓடியவர் என்று இருக்கிறது. எது உண்மை? எந்தப் படம் போடலாம்? நடுவில் வரும் ஆங்கில எழுத்து அட்டைகளைச் சின்னப் பிள்ளைகள் படிக்கமாட்டார்கள், அதற்கும் வழி சொல்லுங்கள்.

பழைய_கிராணி:
டீச்சர், போயர் போர், பாக்ஸர் கிளர்ச்சி, ரேஞ்சர் மூன்றையும் அடித்துவிடுங்கள். அதெல்லாம் படக் கம்பெனி விளம்பரத்துக்குக் கட்டிவிட்ட கதை, அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நிஜமான வாழ்க்கையே பிள்ளைகளுக்குச் சொல்லத் தகுந்ததுதான்.

1880 ஜனவரி 6-ல் பென்சில்வேனியாவில் மிக்ஸ் ரன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா ஒரு மரவியாபார முதலாளியின் லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவர். மகன் குதிரையோடு பழகியது அங்கேதான். எங்கோ மேற்குப் பாலைவனத்தில் பிறந்த கவ்பாய் இல்லை, வேலைக்காரர் வீட்டுப் பிள்ளை. இதை நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

1898-ல் ஸ்பெயினோடு அமெரிக்கா போரிட்டபோது ராணுவத்தில் சேர்ந்தார், ஆனால் கடல் தாண்டவே இல்லை. 1902-ல் கல்யாணம் ஆனது, அப்புறம் விடுப்பில் போனவர் திரும்பவில்லை, தப்பியோடியவர் என்றே பதிவானது. வழக்கு ஒன்றும் நடக்கவில்லை. 1905-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பதவியேற்பு ஊர்வலத்தில் குதிரை ஓட்டிப் போனார், பின்னாளில் அதை வைத்தே இவர் ரூஸ்வெல்ட்டின் படையில் போரிட்டவர் என்று ஒரு கதை கிளம்பியது. ஒக்லஹோமாவில் மதுக்கடையில் வேலை பார்த்திருக்கிறார், அப்புறம் மில்லர் சகோதரர்களின் 101 ரான்ச் என்ற பெரிய பண்ணையில் சேர்ந்தார். அந்தப் பண்ணையே ஊர் ஊராகப் போய்க் குதிரை வித்தை, கயிறு வீச்சு எல்லாம் காட்டும். அங்கிருந்துதான் சினிமா. 1910 வாக்கில் செலிக் கம்பெனி, 1917-ல் ஃபாக்ஸ். ஃபாக்ஸில் இருந்த பத்துப் பதினொரு வருடம்தான் உச்சம். பெரிய வெள்ளைத் தொப்பி, பூவேலை செய்த சட்டை, கூடவே டோனி என்ற குதிரை. டோனி பேரிலேயே 1922-ல் ஒரு படம் வந்தது என்றால் அந்தக் குதிரைக்கு இருந்த செல்வாக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவ்பாய் படங்களில் மிக்ஸுக்கு முன்னால் பெரிய நடிகர் வில்லியம் எஸ். ஹார்ட். மேடை நாடகத்திலிருந்து வந்தவர், முகத்தில் சிரிப்பே இருக்காது, தூசியும் அழுக்குமாகப் அமெரிக்காவின் பழைய மேற்குப் பகுதியை அப்படியே காட்டவேண்டும் என்று நினைத்தவர். மிக்ஸ் அதற்கு நேர் எதிர், வேகமும் வேடிக்கையும்தான். அவர் நாயகன் குடிக்கமாட்டான், புகைக்கமாட்டான், முடிந்தவரை ஆளைக் கொல்லாமல் கயிறு வீசிப் பிடிப்பான். எம்.ஜி.ஆர். படம் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு உடனே புரியும், தியேட்டருக்கு வருகிற பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு இரண்டு பேருக்கும் இருந்தது.

பேசும் படம் வந்ததும் சர்க்கஸ் பக்கம் போனார். 1932, 33-ல் யுனிவர்சலுக்குச் சில பேசும் படங்கள் செய்தார், 1935-ல் பதினைந்து பாகத் தொடர் ஒன்று, அதோடு சினிமா முடிந்தது. சொந்த சர்க்கஸும் 1938-ல் நின்றுபோனது. வானொலியில் அவர் பேரில் ஓடிய தொடரில் வேறு நடிகர்கள்தான் குரல் கொடுத்தார்கள், அவர் செத்த பிறகும் அது பத்து வருடம் போல ஓடியது! 1940 அக்டோபர் 12-ல் அரிசோனாவில் ஃப்ளோரன்ஸ் பக்கம், பாலம் பழுதுபார்க்கும் இடத்தில் கார் கவிழ்ந்து இறந்தார். பின்னால் இருந்த அலுமினியப் பெட்டி வந்து தலையில் அடித்தது என்பார்கள். வயது அறுபது.

ஆறாம்_லயம்:
தகவல் எல்லாம் சரி கிராணி ஐயா. ஆனால் டீச்சர், எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகளுக்கு நம் தாத்தா பாட்டி எந்தக் கப்பலில் வந்தார்கள், எந்தக் காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள் என்றே தெரியாது. தோட்டத்தைத் துண்டாடி விற்று, லயம் இடிந்து, செம்பனையும் தாமான் குடியிருப்புமாக மாறிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் வெள்ளைக்கார கவ்பாய் எதற்கு? அந்தப் படங்களில் செவ்விந்தியர்களை எப்படிக் காட்டுவார்கள் என்பதும் நமக்குத் தெரியும்தானே.

பழைய_கிராணி:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதற்காகத்தான் படம் பார்த்து எடுக்க வேண்டும் என்கிறேன். 1922-ல் வந்த ஸ்கை ஹை ரொம்பப் பேர் பெற்றது, கிராண்ட் கேன்யனில் எடுத்தது, பாதுகாக்க வேண்டிய படங்கள் என்று அமெரிக்க அரசு வைத்திருக்கும் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் கதை மெக்சிகோ எல்லை வழியாகச் சீனர்களைக் கடத்துவது பற்றி. நம் திடலுக்குப் பக்கத்துக் கம்பத்துச் சீனப் பிள்ளைகளும் வருவார்கள், அவர்களை உட்கார வைத்து அதைப் போடக்கூடாது. 1926-ல் வந்த தி கிரேட் கே அண்டு ஏ டிரெயின் ராபரி போடுங்கள். ரயில் கொள்ளை, கொலராடோ மலை, டோனி ஓட்டம், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இன்னொன்று. 101 ரான்ச் காட்சிகளில் மிக்ஸ் காலத்திலேயே பில் பிக்கெட் என்று ஒருவர் இருந்தார். கருப்பினத்தவர், டெக்சாஸில் 1870-ல் பிறந்தவர், ஓடுகிற குதிரையிலிருந்து தாவி மாட்டுக் கொம்பைப் பிடித்துச் சாய்க்கும் வித்தையைப் பேரெடுக்க வைத்தவர். நிஜ கவ்பாய்களில் நாலில் ஒருவர் கருப்பினத்தவர் என்று வரலாற்று ஆசிரியர்கள் கணிக்கிறார்கள், மெக்சிகோக்காரர்களும் நிறைய. திரையில் மட்டும் அவர்கள் காணாமல் போனார்கள். டீச்சர் பேச்சில் பிக்கெட்டுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினால் தம்பியின் வருத்தத்துக்கும் கொஞ்சம் பதில் கிடைக்கும். நம் மாடுபிடி தெரிந்த பிள்ளைகள் அவரைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆறாம்_லயம்:
பிக்கெட் கதை எனக்கே புதிது. அப்படியென்றால் நானும் வருகிறேன், திரை கட்ட ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். மிக்ஸ் இவ்வளவு படம் செய்தார் என்கிறீர்கள், கிடைப்பது ஏன் இவ்வளவு குறைவு?

பழைய_கிராணி:
ஏறக்குறைய 290 படம், முக்கால்வாசிக்கு மேல் இன்றைக்கு இல்லை. அந்தக் காலப் படச்சுருள் நைட்ரேட், வெப்பம் ஏறினால் தானாகவே பற்றிக்கொள்ளும். 1937 ஜூலையில் நியூஜெர்சியில் லிட்டில் ஃபெர்ரி என்ற ஊரில் ஃபாக்ஸ் கம்பெனியின் சேமிப்புக் கிடங்கு கடும் வெயிலில் தீப்பிடித்தது. அவர்களுடைய பேசாப்படங்களில் பெரும்பகுதி ஒரே இரவில் சாம்பல். மிக்ஸின் உச்சக்காலம் முழுக்க ஃபாக்ஸில்தான் என்பதால் அவருக்கு விழுந்த அடி பெரியது. அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் வேலை எரிந்துபோனது. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

உறுமி_பையன்:
டீச்சர், நாங்கள் கோயில் உறுமிக் குழு, பக்கத்துத் தோட்டம்தான். படத்துக்கு நாங்கள் வாசிக்கிறோம். ரயில் ஓடும்போது உறுமி, குதிரைக்குப் பம்பை, திருடன் பதுங்கி வரும்போது எல்லாம் நிறுத்திவிட்டு ஜால்ரா மட்டும். படத்தை முன்கூட்டி அனுப்பினால் இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்து ஒத்திகை செய்துவிடுவோம். எழுத்து அட்டைக்கு, திரை ஓரம் ஒருத்தர் மைக் பிடித்து நின்று தமிழில் கதை சொன்னால் போதும். தமிழ்நாட்டில் பேசாப்படக் காலத்தில் அப்படித்தான் ஆள் வைத்துச் சொன்னார்களாம், எங்கள் வாத்தியார் சொல்லியிருக்கிறார்.

சிப்புட்_டீச்சர்:
கிராணி ஐயா, ரொம்ப நன்றி. கே அண்டு ஏ படம்தான், முடிவாகிவிட்டது. ராணுவத்தை விட்டு ஓடியதையும் மறைக்காமல் சொல்லப்போகிறேன், பிள்ளைகளுக்கு முழு மனிதரைத்தான் காட்ட வேண்டும். உறுமித் தம்பி, படத்தை இன்றிரவே அனுப்புகிறேன், தனிச்செய்தியில் எண் கொடுங்கள். கதை சொல்ல ஆறாம் ஆண்டில் நல்ல குரலுள்ள பிள்ளை ஒருத்தி இருக்கிறாள், அவளிடம் கேட்கிறேன். ஆறாம் லயத்து அண்ணே, திரைக்கு மூங்கில் வேண்டும், ஆற்றோரத்தில் வெட்டிக்கொண்டு வர லோரி கிடைக்குமா? மழை வந்தால் பள்ளி மண்டபத்துக்கு மாற்றிவிடுவோம், அப்போது உறுமிச் சத்தம் கொஞ்சம் குறைத்து வாசிக்க வேண்டியிருக்கும்.