புதுப்பிப்பு: சீன உச்சரிப்பில் தொனிக்கு அடுத்தது மூச்சு

சீனாவின் பொதுமொழியான மாண்டரினின் நான்கு தொனிகளை, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரலின் ஏற்ற இறக்கங்களை, 'மா' என்ற ஓரசையைக் கொண்டு இந்த இழையில் முன்பு விளக்கியிருந்தேன். தொனி பிடிபட்ட பிறகும் 'பா', 'தா', 'கா' குழப்புகின்றன என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

அங்கே வேறுபாடு மூச்சில் இருக்கிறது. அப்பாவைக் குறிக்கும் 'பா', அஞ்சுவதைக் குறிக்கும் 'பா' இரண்டுக்கும் சட்டென்று இறங்கும் நான்காம் தொனிதான். முன்னதை நம் 'பல்', 'பால்' போல மூச்சை வெளித்தள்ளாமல் சொல்ல வேண்டும். பின்னதில் காற்று வெடித்து வர வேண்டும். உதட்டுக்கு முன் மெல்லிய காகிதத்தைப் பிடித்தால் இரண்டாவதற்கு மட்டும் அது துள்ளும். சீன ஒலிகளை ரோமன் எழுத்தில் எழுத 1958இல் சீனா ஏற்ற பின்யின் முறையின் எழுத்துகளை ஆங்கிலம்போலப் படித்து, 'ba' என எழுதப்படும் முதல் 'பா'வை 'பஸ்' போல ஒலிப்பவர்களே அதிகம். தயவுசெய்து அதைத் தவிருங்கள்.

நாக்கை மடிக்கும் ஒலிகளுக்கு அஞ்ச வேண்டாம். 'மனிதன்' என்ற சீனச் சொல்லின் முதலொலி நம் ழகரத்துக்கு மிக அருகில் இருக்கிறது. எனக்கு இதில் பெருமகிழ்ச்சி!

தொனி பற்றி விடுபட்ட ஒன்று: தாழ்ந்து எழும் மூன்றாம் தொனிகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது, மேலேறும் இரண்டாம் தொனியாக மாறும். 'நீ ஹாவ்' என்ற வணக்கத்திலேயே அதைக் கேட்கலாம்.