நகரத்து மேப்பிள் கொட்டிலில் சாப்பாடு: மொன்றியல் அனுபவங்கள்

மொன்றியலின் பகுதிகளிலும் பக்கத்து லவாலிலும் இருப்பவர்கள் எழுதியவை இவை.

வெர்டனில் இருந்து:

நகருக்குள் நடக்கும் 'கபான் ஆ சூக்ர்' (மேப்பிள் கொட்டில், மேப்பிள் பருவத்துச் சாப்பாடு தரும் இடம்) எதற்கும் பின்னால் மேப்பிள் தோப்பு கிடையாது, சாறு காய்ச்சும் கொப்பரையும் கிடையாது. மேப்பிள் பாணி, அதாவது மரச்சாற்றைக் காய்ச்சிய பாகு, பேணியில் வந்து இறங்குகிறது. ஏறக்குறைய 40 லீற்றர் சாறு வற்றித்தான் 1 லீற்றர் பாணி ஆகும். அந்த வேலை முழுக்கக் காட்டில் முடிந்துவிடும். அதனால் இங்கே காசு கொடுப்பது சமையலுக்குத்தான், மரத்துக்கு இல்லை. 2009இல் மொன்றியலுக்கு வெளியே மிராபெலில் சமையற்காரர் மார்ட்டின் பிக்கார் திறந்த கொட்டிலில் வாத்து ஈரலும் மேப்பிளும் ஒரே மேசைக்கு வந்தன. நகரத்து இடங்களும் இப்போது அந்த வழியில்தான் போகின்றன.

பருவம் மார்ச்சும் ஏப்ரலும். இரவில் உறைந்து பகலில் உருகினால்தான் சாறு ஓடும். ரிக்கெற்றைப் பல வாரங்கள் முன்பே எடுக்கவேண்டும், பெரும்பாலும் முழுக் காசும் முன்கூட்டியே. சேவைக் கட்டணம் அதற்குள் அடங்கியதா என்று வாங்கும்போதே பாருங்கள். இல்லாவிட்டால் மேசையில் இரண்டாம் தடவையும் கொடுப்பீர்கள்.

லவாலில் இருந்து:

மரக்கறிக்காரருக்கு ஒன்று சொல்லவேண்டும். மெனுவில் இலைப் படம் போட்டிருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பட்டாணி சூப் பன்றித் தொடை எலும்பில் கொதிப்பது. வெள்ளைப் போஞ்சி விதை உப்பிட்ட பன்றிக் கொழுப்போடு மணிக்கணக்காக அவிவது. 'சுகர் பை' என்ற சீனிப் பணியாரத்தின் மாவிலும் பன்றி நெய் இருக்கலாம். உயர்தர இடங்களில் இன்னொரு கண்ணி உண்டு: உருளைக்கிழங்கை வாத்து நெய்யில் பொரிப்பார்கள், பார்த்தால் தெரியாது. "இறைச்சி இல்லை" என்று கேட்டால் "ஆம், இல்லை" என்பார்கள், அதுவும் பொய் இல்லை. "எந்த நெய்யில் பொரிக்கிறீர்கள், சூப்பின் தண்ணீர் எதில் கொதித்தது" என்று கேட்கவேண்டும். முட்டை சாப்பிடுபவருக்கு ஊதிய ஆம்லெட் இருக்கிறது, ஆனால் அதன் மேலேயே பன்றிக் கொழுப்புத் துண்டுகளைத் தூவித் தரும் வழக்கம் உண்டு. ஹலால் பார்ப்பவர்கள் ரிக்கெற் எடுக்கும்போதே எழுத்தில் கேளுங்கள். அந்த நேரத்தில் ஓடிப்போய் மாற்றித்தர அடுப்படியில் ஆள் இருக்காது.

லசாலில் இருந்து:

மேலே லவால் அக்கா சொன்னது சரி. நான் ஆம்லெட்டிலிருந்து தொடங்குகிறேன். கிராமத்துக் கொட்டிலில் பெரிய தட்டில் சுட்டு வெட்டிக்கொண்டுவருவார்கள், அடியில் தண்ணீர் விட்டிருக்கும். நகரத்தில் சின்ன இரும்புத் தாச்சியில் ஒவ்வொரு மேசைக்கும் தனியாக வரும். வந்த கையோடு வெட்டுங்கள். படம் எடுத்து முடிப்பதற்குள் அமுங்கிவிடும்.

'ஒரேய் த கிறிஸ்' என்பது பொரித்த பன்றிக் கொழுப்பு. பொரிக்கும் முன் அதைத் தண்ணீரில் கொதிக்கவைத்து உப்பை இறக்கவேண்டும். அந்த வேலையைத் தாண்டிப் போனால் பாணி ஊற்றினாலும் வாய் கரிக்கும். நன்றாகச் செய்தது அப்பளம்போல நொறுங்கும், வளைந்தால் ஆறிவிட்டது.

'பூடிங் ஷோமர்' என்ற இனிப்பு மேசைக்கு வரும்போது ஓரத்தில் கொதித்துக்கொண்டிருக்கவேண்டும். பாணியும் கிறீமும் சம அளவு காய்ச்சி, மாவின் மேல் ஊற்றிச் சுடுவது அது. கிண்ணத்தில் முக்கால்வாசிக்கு மேல் போனால் வழிந்து கருகும், ஆகவே அடியில் தட்டு வைக்காத அடுப்படியில் இருந்து கசந்த மணம் வரும். கொதிக்காமல் வந்தால் அது முன்னமே சுட்டுச் சூடாக்கியது.

இனிப்பு மேல் இனிப்பாக வரும் சாப்பாடு இது. ஊறவைத்த பீற்றூட்டையும் வெள்ளரியையும் ஆரம்பத்திலேயே முடித்துவிடாதீர்கள், கடைசி வரைக்கும் வேண்டும். பாணியில் எந்தத் தரம் என்றும் கேளுங்கள்: பொன்னிறம் ஐஸ்கிறீமுக்கு, கடும் நிறம் பன்றித் தொடைக்கு. பருவக் கடைசியில், மொட்டு விடும் காலத்தில் எடுத்த சாறென்றால் பாணியில் ஒரு கரடு வாசம் இருக்கும். அதைத் துருவிய மேப்பிள் சீனியால் மறைப்பவர்களும் உண்டு.

வெர்டனில் இருந்து:

பனியில் ஊற்றிக் குச்சியில் சுற்றிச் சாப்பிடும் மேப்பிள் பாகு, 'தீர்'தான் எனக்கு உரைகல். நம் ஆட்களுக்குப் பதம் சொல்லித்தரவேண்டியதில்லை: பாணியின் சூட்டை 114 பாகை செல்சியஸ் வரை ஏற்றினால் உருட்டுப்பதம், அதுதான் வேண்டும். குறைந்தால் பனிக்குள் இறங்கிப் போய்விடும், கூடினால் பல்லில் ஒட்டிக் கழன்றுவராது. காய்ச்சும்போது கிளறக்கூடாது, கிளறினால் சீனி பூக்கும். பொங்கினால் ஒரு துளி பட்டர். நகரத்தில் குழப்பம் என்னவென்றால், பனிக்குப் பதில் உடைத்த ஐஸ். ஈரம் வடிகிற ஐஸில் ஊற்றினால் பாகு தண்ணீர் பட்டு வழுக்கும், குச்சியில் சுற்றாது. இறுக்கி அமர்த்திய வெள்ளைத் தூள் பனியைத் தொட்டியில் வைத்திருக்கும் இடம், வேலை தெரிந்த இடம்.

லாசீனில் இருந்து:

பில்லைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கியூபெக்கில் மத்திய அரசின் வரியும் மாகாண வரியும் சேர்ந்து 14.975 வீதம். 85 டொலர் சாப்பாட்டுக்கு வரி 12.73. டிப்பும் ஏறக்குறைய அதே அளவு என்று வைத்தால் 15 வீதம் ஆகிவிடும், மொத்தம் 110 டொலருக்குக் கொஞ்சம் கூட. 2025 மே முதல், மெஷின் காட்டும் டிப்பை வரிக்கு முந்திய விலையில்தான் கணக்கிடவேண்டும் என்று சட்டம். வேறு விதமாகக் காட்டினால் கையால் எண்ணைப் போடுங்கள்.

வெர்டனுக்கு து லேக்லீஸ் மெற்றோ, பழைய துறைமுகத்துக்குச் ஷா-து-மார்ஸ். மார்ச்சில் தெருவெல்லாம் உருகிய சேறு, நல்ல சப்பாத்தோடு போய்க் கெடுக்கவேண்டாம். போகும்போது 540 மில்லிலீற்றர் பேணி பாணி வாங்கினால், திறந்த பிறகு போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பேணியிலேயே வெளியில் விட்டால் மேலே பூஞ்சணம் கட்டும்.