பொறியில ஈ விழுது, காயிலயும் புழு – அவசரம்

பாகூர் பந்தல்:
பழ ஈக்கு ஏக்கருக்கு 10 பொறி கட்டியாச்சு. டப்பாவுல கைப்பிடி கைப்பிடியா ஈ விழுது. ஆனாலும் பிஞ்சு வளைஞ்சு மஞ்சளாகி உள்ளே புழு. என்ன மருந்து அடிக்கலாம்? நாளைக்கு அறுப்பு.

கெடிலக்கரை:
என்ன பயிர்னே சொல்லலையேங்க? டப்பாவுல ஈயை இழுக்க எந்த வாசனைக் கட்டை போட்டிருக்கீங்க? பக்கத்துல மா, கொய்யா இருக்கா? நாளைக்கு அறுப்புன்னா இன்னைக்கு மருந்தே வேணாம்.

நெல்லிக்குப்பம் விவசாயி:
பிஞ்சு வளையறது போரான் சத்துக் குறை. போராக்ஸ் தெளிங்க, சரியாயிடும்.

கெடிலக்கரை:
போரான் குறையில புழு எங்கேருந்து வரும்? தோல்ல ஊசி குத்தின புள்ளி, அதுல பிசின் கசிவு இருந்தா அது முட்டை வெச்ச இடம்.

பாகூர் பந்தல்:
பாகல்தான். கடையில பழ ஈ கட்டைன்னு கேட்டேன், குடுத்தாங்க. பக்கத்துல கொய்யாத் தோப்பு.

பூச்சிக்கண்ணாடி:
இதைப் பத்துத் தடவை எழுதியாச்சு, பழைய பதிலைப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. உங்ககிட்ட இருக்கறது மீத்தைல் யூஜினால் கட்டை. மா, கொய்யா ஈயோட ஆணைத்தான் அது இழுக்கும். பாகல், புடலை, பீர்க்கைக்கு வர்ற ஈ வேற, அதுக்கு கியூ லூர்ங்கற வேற வாசனைக் கட்டை. விழுந்த ஈயோட இறக்கையைப் பாருங்க: நுனியில பெரிய பழுப்புத் திட்டும் அதுக்கு உள்பக்கம் குறுக்கே பழுப்புக் கோடும் இருந்தா பாகல் ஈ, இல்லேன்னா கொய்யா ஈ. இத்தனை நாளும் அடுத்தவர் தோப்புக்குக் காவல் இருந்திருக்கீங்க.
கியூ லூரும் ஆணைத்தான் பிடிக்கும். ஏற்கெனவே இணை சேர்ந்த பெண் ஈ முட்டை வெச்சுக்கிட்டேதான் இருக்கும். அதனால சொத்தைக் காயை தினமும் பொறுக்கி 2 அடி ஆழத்துல புதைக்கணும். வரப்புல வீசினா புழு மண்ணுக்குள்ள கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயா வரும்.

துறைமுகத்தார்:
பெண் ஈக்குக் கருவாட்டுத் தூள்! 5 கிராம் நனைச்சு, ஓட்டை போட்ட பாலிதீன் பையில, பஞ்சுல 1 மில்லி டைக்குளோர்வாஸ் பூச்சிமருந்தோட.

கெடிலக்கரை:
டைக்குளோர்வாஸ் 2020 கடைசியோட தடை. பழைய குறிப்பை இன்னும் சுத்த விடாதீங்க.

துறைமுகத்தார்:
தூளைப் பத்திச் சொன்னா மருந்தைப் பிடிச்சுக்கறீங்க. நெத்திலித் தூள்தான் நல்லா இழுக்கும்.

நெல்லிக்குப்பம் விவசாயி:
காரப்பொடி மீன் கருவாட்டுத் தூள்தான் மலிவு.

பூச்சிக்கண்ணாடி:
கருவாட்டுத் தூளை மருந்தில்லாம வெச்சா ஈ தின்னுட்டுப் பறந்துடும், வாசனைக்கு வந்த நாய் மட்டும் தங்கும். அறுப்பு முடிஞ்சதும் 10 லிட்டர் தண்ணிக்கு வெல்லம் 100 கிராம், மாலத்தியான் 50 ஈசி பூச்சிமருந்து 20 மில்லி கலந்து, பூவுல படாம பந்தல் ஓரத்துல திட்டுத் திட்டா தெளிங்க. லேபிள்ல போட்ட நாள் கழிஞ்சாத்தான் அடுத்த அறுப்பு.

பாகூர் பந்தல்:
பார்த்தேன், திட்டு இல்ல. கியூ லூர் வாங்கியாச்சு. பழைய டப்பாவுலயே போடலாமா?

கெடிலக்கரை:
வேணாம், பழைய வாசனை ஒட்டியிருக்கும். புது டப்பா, அடியில மழைத் தண்ணி வடிய ஓட்டை. கட்டுக்கம்பியில கிரீஸ் தடவுங்க, இல்லேன்னா எறும்பு செத்த ஈயைத் தூக்கிட்டுப் போய், ஒண்ணுமே விழலைன்னு மறுபடி இங்க வருவீங்க.