மருத்துவமனைப் பகல்பொழுதை எப்படிக் கழிக்கச் செய்வது? ஆலோசனை தேவை
அனைவருக்கும் வணக்கம். அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட தொற்றினால் என் தந்தை பல வாரங்களாக மருத்துவமனையில் இருக்கிறார். நரம்பு வழியாக ஏற்றப்படும் மருந்து முடியும்வரை வீடு திரும்ப இயலாது. சிகிச்சையில் குறையில்லை. படுக்கைப் புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை செவிலியர்கள் அவரைத் திருப்பிப் படுக்க வைக்கிறார்கள்.

என்னை வருத்துவது இடைப்பட்ட நேரம்தான். விடியுமுன் இரத்தம் எடுக்க எழுப்பப்படுபவர், மருத்துவர்கள் பார்வையிட்டுச் சென்றபின் பகல் முழுதும் அரைத்தூக்கத்தில் கிடந்துவிட்டு, இரவில் விழித்துக்கொண்டு இடமும் நாளும் புரியாமல் பதறுகிறார். முதியவர்களுக்கு மருத்துவமனையில் இத்தகைய குழப்பம் வருவதுண்டு என்றும், பகல் வெளிச்சமும், கண்ணில் படும் கடிகாரமும், அவருடைய மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் உதவும் என்றும் மருத்துவர் விளக்கினார். அவற்றைச் செய்ததில் ஓரளவு பலன் தெரிகிறது.

ஆனால் பகலில் அவரை விழித்திருக்கச் செய்வது கடினமாக இருக்கிறது. தொலைக்காட்சியில் நாட்டமில்லை, வாசித்தால் கண் சோர்கிறது. வாழ்நாளெல்லாம் கைவேலை செய்தே பழகியவர் என்பதால், சாய்ந்து அமர்ந்தபடி, ஒரு கையில் ஊசி இருக்கும்போதும் செய்யக்கூடிய வேலைகள் ஏதேனும் தெரிந்தால் சொல்லுங்கள். அவசரமில்லாத பரிசோதனைகளை விடிந்தபின் வைத்துக்கொள்ளுமாறு கேட்டு இரவுத் தூக்கத்தைக் காத்துக்கொண்டவர்கள் இருந்தால், செவிலியர்களிடம் எப்படிப் பேசினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.