கெர்னலில் மாட்யூல் குறைத்தபோது பார்த்தவை

லினக்ஸின் மையமான கெர்னலை நாமே கம்பைல் செய்யும்போது, தேவையில்லாத மாட்யூல்களை (வேண்டும்போது மட்டும் கெர்னலில் ஏறும் டிரைவர் போன்ற துண்டுகளை) எப்படிக் குறைப்பது என்று இங்கே பேச்சு ஓடுகிறது. இரண்டு பேர் மெனுகான்ஃபிக் என்ற அமைப்பு மெனுவில் உட்கார்ந்து ஒவ்வொரு டிரைவராக நீக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொறுமை பெரிய விஷயம்தான், ஆனால் உபுண்டு, டெபியன் தரும் கான்ஃபிக்கில் (எதையெல்லாம் கட்டுவது என்று சொல்லும் கோப்பில்) மாட்யூல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், எதை எடுத்தால் எது கூடவே போகும் என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. இதற்கென்றே 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற கட்டளை இருக்கிறது. ஸ்டீவன் ராஸ்டெட் எழுதியது, 2009 டிசம்பரில் வெளியான 2.6.32-லிருந்து கெர்னலோடு வருகிறது. எல்எஸ்மாட் கட்டளை காட்டும், அப்போது ஏறியிருக்கும் மாட்யூல்களின் பட்டியலைப் படித்து, அந்த மாட்யூல்களுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களைக் கழித்துவிடும். மாட்யூலாக இல்லாமல் கெர்னலுக்குள்ளேயே 'ஒய்' போட்டுக் கட்டியதைத் தொடாது.

அந்த நிமிடம் ஏறியிருப்பது மட்டும்தான் அதன் கணக்கு. இதை நண்பர் ஒருவரின் பழைய லேப்டாப்பில் நன்றாகவே பார்த்தோம். புது கெர்னல் அழகாக பூட் ஆனது, வைஃபை வந்தது, சத்தம் வந்தது. பென்டிரைவைச் செருகினால் 'அன்னோன் ஃபைல்சிஸ்டம் டைப் விஃபாட்' என்று மவுன்ட் மறுத்துவிட்டது; விஃபாட் என்பது பென்டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபைல்சிஸ்டம். யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையில் பூட் ஆகும் மெஷினாக இருந்தால், விஃபாட்டிலேயே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷன் பெரும்பாலும் மவுன்ட் ஆகியே இருக்கும், அதனால் விஃபாட் பட்டியலில் தானாக வந்துவிடும். அது பழைய முறையில் பூட் ஆகும் பயாஸ் மெஷின், அங்கே விஃபாட்டைக் கேட்க ஆளே இல்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். கம்பைல் செய்யும் முன் கையில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு தடவை உபயோகித்துவிடுவேன்: பென்டிரைவ், பிரிண்டர், வெப்கேம், போனில் யூஎஸ்பி டெதரிங், புளூடூத் ஹெட்செட், விபிஎன், அப்புறம் டாக்கரில் (நிரல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் மென்பொருளில்) ஒரு கன்டெய்னர், ஏனென்றால் ஓவர்லே, வீத் போன்ற மாட்யூல்கள் எல்லாம் டாக்கர் ஓடினால்தான் ஏறும். ஆர்ச் லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு மாட்ப்ரோப்டு-டிபி என்ற கருவி இன்னும் நல்லது, நாள்கணக்கில் ஏறிய மாட்யூல்களை அது சேர்த்து வைத்துக்கொண்டே வரும்.

இன்னொன்று, மாட்யூலைக் குறைத்தால் கணினி வேகமாகும் என்று இங்கே சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏறாத மாட்யூல் டிஸ்க்கில் கிடக்கிறது, அவ்வளவுதான், அது ரேமைத் தின்பதில்லை. லாபம் முழுக்க கம்பைல் நேரத்தில். முழு கான்ஃபிக்கோடு இரவு ஓடவிட்டால் விடிந்தும் முடியாத அந்த லேப்டாப், குறைத்த பிறகு சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடித்துவிட்டது. பேட்ச் (கோடில் சின்னத் திருத்தம்) போட்டுத் திரும்பத் திரும்பக் கட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லி மாளாது.

உபுண்டு கான்ஃபிக்கை எடுத்தால் 'கனானிக்கல்-செர்ட்ஸ்.பெம்' என்ற சான்றிதழ் கோப்பு இல்லை என்று கம்பைல் நின்றுவிடும். கான்ஃபிக்கில் உள்ள சிஸ்டம் டிரஸ்டட் கீஸ், சிஸ்டம் ரெவொகேஷன் கீஸ் இரண்டின் மதிப்பையும் காலியாக்கிவிட்டால் சரியாகிவிடும். டீபக் இன்ஃபோவையும் (பிழை தேட உதவும் கூடுதல் தகவலையும்) அணைத்துவிடுங்கள், டிஸ்க்கை அடைப்பதில் பெரும்பங்கு அதனுடையதுதான். பழைய கெர்னலை மட்டும், பூட் ஆகும்போது எதை ஏற்றுவது என்று கேட்கும் கிரப் மெனுவிலிருந்து எடுக்கவே எடுக்காதீர்கள்.