தாவீதைப் பார்த்தால் தேவன் தெரிவாரா?

கொட்டாஞ்சேனை டீச்சர்

போன ஞாயிறு ஓய்வுநாள் பாடசாலையில் தாவீது ராஜாவின் கதை: தன் போர்வீரன் உரியாவின் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவனைப் போர்முனையில் சாகவைத்தது. தரம் 7 பிள்ளை ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், உரியாவைக் கொல்லச் சொன்னவர் எப்படிக் கடவுளின் இருதயத்துக்கு ஏற்றவர்?" மணி அடித்துவிட்டது. அடுத்த கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து மனதில் அதுதான் ஓடுகிறது.

என் நம்பிக்கையைச் சொல்லிவிடுகிறேன். வேதத்தின் வீரர்கள் கர்த்தருடைய குணத்தை நமக்குக் காட்டுகிறார்கள். யாத்திராகமம் 34:6இல் அவரே தம்மைப் பற்றிச் சொல்கிறார்: "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." இந்தச் சொற்களை வெறுமனே பாடமாக்கினால் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது. தன்னை விற்ற அண்ணன்மாருக்குத் தானியம் கொடுத்து, அவர்கள் முன்னால் அழுத யோசேப்பைக் காட்டினால் விளங்கும். ஆனால் தாவீதிடம் வரும்போது தடுமாறுகிறேன். உங்கள் கருத்து என்ன?

ஆமர் வீதி

டீச்சர், அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. உங்கள் நம்பிக்கையோடு எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் பத்து வருடம் போன சபை ஒன்று இருந்தது. கட்டட நிதிக்குச் சேர்த்த காசுக்கு நாலு குடும்பம் கணக்குக் கேட்டோம். அடுத்த ஞாயிறு பிரசங்கம் சங்கீதம் 105:15. "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்." தாவீதும் விழுந்தான், கர்த்தர் அவனைத் தள்ளினாரா என்று பாஸ்டர் கேட்டார். சபை முழுவதும் ஆமென் சொன்னது. நாலு குடும்பமும் வெளியே வந்தோம்.

அந்தச் சங்கீதத்தை மேலிருந்து வாசித்துப் பாருங்கள். கொஞ்சப் பேராக, பரதேசிகளாக, ஊர் ஊராக அலைந்த ஆபிரகாமின் குடும்பத்தைப் பற்றிய வசனம் அது. அவர்களைத் தொடாதே என்று கர்த்தர் ராஜாக்களைத்தான் கடிந்துகொள்கிறார். நாதியற்றவர்களுக்குக் கொடுத்த காவலை இன்று அதிகாரத்தில் இருப்பவர் எடுத்துப் போர்த்திக்கொள்கிறார். வீரர்களிடம் தேவனைத் தேடப் பழக்கினால் அதன் முடிவு இதுதான்.

எபிரெயர் 1:3 கிறிஸ்து ஒருவரைத்தான் தேவனுடைய "தன்மையின் சொரூபம்" என்கிறது. மற்றவர்கள் மன்னிப்புப் பெற்ற பாவிகள். எபிரெயர் 11இன் விசுவாசிகள் பட்டியலில் யெப்தாவும் இருக்கிறான், சிம்சோனும் இருக்கிறான். தன் பொருத்தனைக்காக மகளைக் கொடுத்த யெப்தாவில் தேவனுடைய எந்தக் குணத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவீர்கள்?

கொட்டாஞ்சேனை டீச்சர்

உங்களுக்கு நடந்தது அநியாயம், அண்ணா. அதை நான் சின்னதாக எடுக்கவில்லை. யெப்தாவை நான் காட்டமாட்டேன், அதுவும் உண்மை.

ஆனால் ரூத்தின் புத்தகத்தை ஒருமுறை பாருங்கள். 2:12இல் வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸ் ரூத்திடம், கர்த்தருடைய "செட்டைகளின்கீழ்" நீ அடைக்கலமாய் வந்தாய், அவர் உனக்குப் பலன் தருவார் என்று வாழ்த்துகிறார். அடுத்த அதிகாரத்தில் அவள் இரவில் களத்துமேட்டுக்கு வந்து, உம்முடைய "போர்வையை" என்மேல் விரியும் என்கிறாள். நம்முடைய பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இவை இரண்டு சொற்கள். எபிரெயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல், கானாப். இதை முதன்முதல் அறிந்த அன்று வேதத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். கர்த்தரின் சிறகு உன்னை மூடட்டும் என்று சொன்னவரிடம், அந்தச் சிறகு நீங்கள்தான் என்று ஒரு மோவாபிய விதவை சொல்கிறாள். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

மோசேயையும் சொல்ல வேண்டும். ஜனம் பொன் கன்றுக்குட்டியை வணங்கியதற்காகக் கர்த்தர் ஜனத்தை அழிக்கப்போகிறேன் என்றபோது, அவர்களை மன்னியும், இல்லாவிட்டால் "உம்முடைய புஸ்தகத்திலிருந்து என் பேரைக் கிறுக்கிப்போடும்" என்று குறுக்கே நின்றார். அது 32ஆம் அதிகாரம். இரக்கமும் கிருபையும் உள்ளவர் என்று கர்த்தர் தம்மை அறிவிப்பது 34இல். அந்த வார்த்தைகள் அறிவிக்கப்படுமுன்பே மோசே அந்த இரக்கத்தோடு வாதாடிவிட்டார். யோனா தீர்க்கதரிசிக்கு அதே வார்த்தைகள் மனப்பாடம். நினிவே நகரம் அழிவிலிருந்து தப்பியதும் அதையே குறையாக ஒப்பித்துக் கோபித்துக்கொண்டார். அதனால் தீர்க்கதரிசி என்ற பெயரை வைத்து நான் பேசவில்லை. அந்த நேரத்தில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்று பார்க்கிறேன்.

மருதானை நானா

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை.

தாவூத் நபி (அலை) அவர்களைப் பற்றிய அந்த உரியா கதையை நாங்கள் ஏற்பதில்லை. நபிமார்கள் பெரும்பாவங்களிலிருந்து பாதுகாக்கப்பட்டவர்கள் என்பது எங்கள் நம்பிக்கை. குர்ஆனில் 38ஆம் அத்தியாயமான ஸாதில் இரண்டு பேர் வழக்கோடு அவர்களிடம் வருகிறார்கள். என் சகோதரனிடம் 99 ஆடு, என்னிடம் ஒன்றே ஒன்று, அதையும் கேட்கிறான் என்கிறார் ஒருவர். தீர்ப்புச் சொன்ன பிறகு, தாம் சோதிக்கப்பட்டதை தாவூத் நபி உணர்ந்து, இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுக் குனிந்து விழுகிறார்கள். அதில் கொலையும் இல்லை, விபசாரமும் இல்லை.

டீச்சர், உங்கள் மாணவியின் கேள்வி எங்கள் பிள்ளைக்கு வராது. தூதைக் கொண்டுவருகிறவரின் கை அழுக்காக இருந்தால் தூதை எப்படி நம்புவது?

ஆமர் வீதி

வஅலைக்கும் ஸலாம் நானா. நீங்கள் சொன்ன ஆட்டுக்குட்டி எங்கள் வேதத்திலும் இருக்கிறது. 2 சாமுவேல் 12இல் நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் சொல்லும் கதையில் ஏழைக்கு ஒரே ஒரு ஆட்டுக்குட்டி, அதைப் பணக்காரன் பறித்துக்கொள்கிறான். தாவீது கோபத்தில் தீர்ப்புச் சொன்னதும் "நீயே அந்த மனுஷன்" என்கிறார்.

அழுக்கை மறைக்கும் வாய்ப்பு எங்கள் வேதத்துக்கும் இருந்தது. 1 நாளாகமம் 20 அதே யுத்தத்தைச் சொல்லிவிட்டு, பத்சேபாளைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் கடந்துபோகிறது. ஆனால் மத்தேயு இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதும்போது, பத்சேபாள் என்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை. உரியாவின் மனைவியாயிருந்தவள் என்று எழுதுகிறார். செத்துப்போனவனின் பெயரை இரட்சகரின் குடும்பப் பட்டியலுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறார். 2 சாமுவேல் 23இல் தாவீதின் பராக்கிரமசாலிகள் 37 பேர். அந்தப் பட்டியலின் கடைசிப் பெயர் யார் தெரியுமா? ஏத்தியனாகிய உரியா.

கொல்லப்பட்டவனின் பெயரை மறக்க விடாத தேவன். இந்தக் குணத்தை எனக்குக் காட்டியது தாவீது இல்லை.

கொட்டாஞ்சேனை டீச்சர்

அண்ணா, அப்படியென்றால் நீங்களும் ஒரு மனிதனில் பார்க்கிறீர்கள்தானே? கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டியும் இஸ்ரவேலும் கூடாரத்தில் இருக்கும்போது நான் வீட்டில் போய்ப் படுப்பேனா என்று அரசனிடமே சொன்னவன் உரியா. அந்த நாளில் உண்மையாய் நின்றவன் ஏத்தியர் இனத்தவனான அந்த அந்நியன்.

தாவீதையும் முழுதாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. தாவீதுக்கு முன் ராஜாவாயிருந்த சவுலும் "பாவஞ்செய்தேன்" என்றான், தாவீதும் சொன்னான். சவுல் அதோடு, மூப்பர்கள் முன்னால் என்னைக் கனம்பண்ணும் என்று கேட்டான். தாவீது அப்படி எதுவும் கேட்கவில்லை.

பம்பலப்பிட்டி அடியேன்

சைவன் நான், குறுக்கிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மெய்ப்பொருள் நாயனாரை நினைத்தேன். போரில் வெல்ல முடியாத முத்தநாதன் சிவனடியார் வேடத்தில் திருநீறு பூசி, சுவடிக்கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்து வந்து அவரைக் குத்தினான். மெய்க்காவலன் தத்தன் வாளோடு பாய்ந்தபோது "தத்தா, நமர்" (இவர் நம்மவர்) என்று தடுத்து, கொலைகாரனைப் பத்திரமாக ஊர் எல்லை கடத்திவிடச் சொன்னார். அவன் போய்விட்டான் என்ற செய்தி வரும்வரை உயிரைப் பிடித்திருந்தார். சிவன் யார் என்று கேட்டால் என் அப்பா எனக்குச் சொன்னது இந்தக் கதைதான்.

ஆமர் வீதி

ஐயா, வாசித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வேடத்தை மதித்ததால் போன உயிர் அது. நான் பயப்படுவதும் அதற்குத்தான்.

இன்னொன்று. நாயனார் தன் காயத்தைத்தான் மன்னித்தார், அது அவருடைய உரிமை. உரியாவுக்காக யார் மன்னிப்பது? அவன் செத்துவிட்டான். இந்த நாட்டில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படுவது இதுதான்: மறந்துவிடுங்கள், மன்னித்துவிடுங்கள். கேட்பவர் யார், யாருடைய காயம், யாருக்கும் அக்கறை இல்லை.

கிராண்ட்பாஸ் தங்கச்சி

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கடைசிப் பதிவைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2 சாமுவேல் 21. மூன்று வருடப் பஞ்சம். சவுல் தங்களைக் கொன்றதற்கு ஈடாகக் கிபியோனியர் கேட்டதற்காகத் தாவீது சவுலின் வீட்டில் ஏழு பேரைக் கொடுக்க, அவர்களைத் தூக்கிப்போடுகிறார்கள். இரண்டு பேர் சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளின் பிள்ளைகள். அவள் இரட்டுப்புடவையைப் பாறையில் விரித்து உட்காருகிறாள். பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் கிட்ட வர விடவில்லை. வாற்கோதுமை அறுப்புத் தொடங்கியதிலிருந்து மழை பெய்யும்வரை. அந்த நாட்டில் மழை வழக்கமாக ஐப்பசி அளவில்தான் தொடங்கும், அப்படிப் பார்த்தால் எத்தனை மாதம்! அவள் பேசிய ஒரு சொல்கூட வேதத்தில் இல்லை.

செய்தி தாவீதுக்குப் போகிறது. அவன் எலும்புகளைச் சேர்த்து, சவுலையும் அவன் மகன் யோனத்தானையும் முறையாக அடக்கம்பண்ணுகிறான். "அதற்குப்பின்பு" தேவன் தேசத்துக்கான வேண்டுதலைக் கேட்டார் என்று 14ஆம் வசனம் சொல்கிறது. ஏழு பேரைத் தூக்கிலிட்டபோது அவர் கேட்டதாக எழுதியில்லை.

எங்கள் அண்ணா 2008இல் கொழும்பில் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. அம்மா படத்தைப் பிடித்துக்கொண்டு போகாத இடம் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரம் உட்கார்ந்தபோது அம்மாவும் ஒருமுறை போய் அவர்களோடு இருந்துவிட்டு வந்தார். ரிஸ்பாளைப் பற்றி எந்த ஞாயிறும் யாரும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. தேவன் எப்படிப்பட்டவர் என்று எனக்குக் காட்டியது அவள்தான். எழுந்து போகாதவர்.

ஆமர் வீதி

தங்கச்சி, இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. வீரர் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுவோம் டீச்சர், அது தாவீதின் சிம்மாசனத்தைத்தான் நினைவுபடுத்துகிறது. மற்றதை யோசிக்கிறேன்.

மருதானை நானா

ரிஸ்பாளின் கதை எங்களிடம் இல்லை. உங்கள் அம்மாவுக்கு இன்று தொழுகையில் துஆச் செய்கிறேன், தங்கச்சி.

கொட்டாஞ்சேனை டீச்சர்

வரும் ஞாயிறு அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும். உரியாவிலிருந்து தொடங்கி ரிஸ்பாளுக்கு வரலாம் என்று நினைக்கிறேன். ஆனால் தரம் 7 பிள்ளைகளுக்கு அந்த அதிகாரம் பாரமாக இருக்குமா? தங்கச்சி, நீங்கள் சொல்லுங்கள்.

கிராண்ட்பாஸ் தங்கச்சி

வாசியுங்கள் டீச்சர். அண்ணாவின் படத்தோடு அம்மாவின் பக்கத்தில் நின்றபோது நானும் தரம் 7தான்.