உதவி: நின்ன இடத்துலயே நடக்கிறேன், சுவத்துல போய் முட்டுறேன்

நள்ளிரவு_நடையன்: அவசரம் மக்களே. விஆர்ல (ஹெட்செட்டைக் கண்ணுல மாட்டிக்கிட்டு கேம் உலகத்துக்குள்ள) நடக்கும்போது உடம்பு தானா எங்கயோ போயிடுது. சுவத்துக்கிட்ட போனா ஹெட்செட்டுக்குள்ள தெரியுற எல்லைக்கோடு சரியாத்தான் வரைஞ்சிருக்கேன். நேத்து கன்ட்ரோலரோட சுவத்துல ஒரு குத்து, விரல் முட்டியெல்லாம் தோல் போச்சு. இதை எப்படி நிறுத்துறது?

கேபிள்காரி: "நடக்கும்போது"ன்னா? கன்ட்ரோலர் ஸ்டிக்கைத் தள்ளியா, நிஜமாவே ரூமுக்குள்ள நடந்தா, இல்ல ஒரே இடத்துல காலைத் தூக்கி வெச்சா? இடம் எவ்வளவு பெருசு? இதைச் சொல்லாட்டி நாங்க ஜோசியம்தான் பார்க்கணும்.

தலைசுத்தி: ட்ராக்கிங்தான் (நீங்க எங்க நிக்கிறீங்கன்னு ஹெட்செட் கண்டுபிடிக்கிறது), வேற என்ன. ரூம்ல கண்ணாடி இருக்கா? வெளிச்சம் கம்மியா? சுவர், மேஜை விளிம்பையெல்லாம் அடையாளம் வெச்சுத்தான் ஹெட்செட் கேமரா இடத்தைக் கணக்குப் போடுது. கண்ணாடியில பிம்பம் தெரிஞ்சா குழம்பிடும். துணியைப் போட்டு மூடுங்க.

ஆறடி: லென்ஸ் இடைவெளி உங்க கண்ணுக்குப் பொருந்துதான்னு பாருங்க ப்ரோ. எனக்கு எல்லாத்துக்கும் அதுதான் காரணமா இருந்துச்சு.

பழைய_பிக்சல்: மறுபடியும் இதே கேள்வி. தேடிப் பார்க்கிற பழக்கமே யாருக்கும் கிடையாது. டெலிபோர்ட் (நடக்காம, காட்டுற இடத்துக்கு ஒரே தாவு) போட்டுட்டு அசையாம நில்லுங்க. சுவர் உங்களைத் தேடி வராது.

தலைசுத்தி: டெலிபோர்ட்டெல்லாம் ஒரு நடையா? நாலு தடவை தாவினா எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தோம்னே மறந்துடும்.

பழைய_பிக்சல்: ஸ்டிக்ல ஓடி குமட்டலோட சோபாவுல சாயறதுக்கு அது மேல். கண்ணு ஓடுறேங்குது, உள்காது சும்மா நிக்கிறேங்குது. உங்க பேரே தலைசுத்தி!

தலைசுத்தி: அதுக்குத்தான் ஓடும்போது ஓரத்தை இருட்டாக்குற வசதி இருக்கு. வழுக்கிட்டுத் திரும்பாம 30 டிகிரி வெட்டி வெட்டித் திரும்பலாம். செட்டிங்ஸ் பக்கம் போனதுண்டா ஐயா?

நள்ளிரவு_நடையன்: ஸாரி, ஆபீஸ்ல மாட்டிக்கிட்டேன். ஒரே இடத்துல காலைத் தூக்கி வெச்சு நடக்கிற கேம். 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடம். கண்ணாடி இல்ல.

கேபிள்காரி: முட்டுறதுக்கு முன்னாடி எல்லைக்கோடு தெரிஞ்சுதா?

நள்ளிரவு_நடையன்: தெரிஞ்சுது. ஓடுற வேகத்துல கண்டுக்கல.

கேபிள்காரி: இதை முதல்லயே சொல்லக்கூடாதா! கோடு சுவத்துக்கிட்டதான் வந்திருக்கு, அப்போ ட்ராக்கிங் மேல தப்பில்ல. நகர்றது நீங்கதான். ஹெட்செட்டைக் கழட்டிட்டு, கால்விரல் முன்னாடி தரையில டேப் ஒட்டுங்க. கண்ணை மூடி அதே இடத்துல 50 எட்டு வைங்க. ஃபுகுடா சோதனைம்பாங்க, உள்காது சமநிலையைப் பார்க்க டாக்டர்கள் செய்றது. ஒரு குறையும் இல்லாதவங்களே கொஞ்சம் முன்னாடி போவாங்க, கொஞ்சம் திரும்புவாங்க. ஹெட்செட்டுக்குள்ள திரும்பினா படம் காட்டிக் கொடுத்துடும், சரி பண்ணிப்பீங்க. முன்னாடி நகர்ந்தா தெரியாது, ஏன்னா படமும் முன்னாடிதானே போகுது.

ஆறடி: அப்போ கேமே நம்மளைத் தெரியாம வளைச்சுத் திருப்பி விடக்கூடாதா?

கேபிள்காரி: 2001-லயே ரசாக்ங்கிற ஆராய்ச்சியாளர் குழு செஞ்சு காட்டியாச்சு. படத்தை மெல்ல மெல்லச் சுழற்றினா, நேரா போறதா நெனச்சுக்கிட்டே வளைஞ்சு நடப்போம். ஆனா வளையறது தெரியாம இருக்க, வட்டத்தோட ஆரமே 22 மீட்டராவது வேணும்னு 2010-ல ஸ்டைனிக்கே குழு அளந்து சொல்லிச்சு. இவர் ரூம் 2 மீட்டர்!

பழைய_பிக்சல்: இதுக்கு ஆராய்ச்சிக் கட்டுரையா? நடுவுல ஒரு சின்னப் பாயை விரிச்சு, வெறுங்காலோட நில்லுங்க. பாதம் விளிம்புல பட்டா பின்வாங்குங்க. விவரமா கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்.

தலைசுத்தி: அப்பவே நீங்க சொன்னது டெலிபோர்ட்.

ஆறடி: பாய் வழுக்காததா இருக்கட்டும். எதிர்ல ஒரு ஃபேனும் வைங்க, காத்து எங்கேர்ந்து வருதோ அதை வெச்சு ரூம்ல எந்தப் பக்கம் பார்க்கிறோம்னு தெரியும்.

நள்ளிரவு_நடையன்: 50 எட்டு வெச்சுட்டுக் கண்ணைத் திறந்தா, டேப் ரெண்டடி பின்னாடி கிடக்கு, நான் ஜன்னலைப் பார்த்து நிக்கிறேன். இம்மி கூட நகரலன்னு சத்தியம் பண்ணியிருப்பேன். பாய் போட்டாச்சு, இன்னிக்கு முட்டல. நன்றி.

புதுசா_வந்தவள்: எனக்கும் இதே பிரச்சினை. பாய் எவ்வளவு பெருசு?

புதுசா_வந்தவள்: யாராவது?